காதில் விழாத செத்தவீடு

இந்தக் கொப்பி உங்கள் கைக்கு வந்திருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு மூடி, எடுத்த இடத்திலேயே, விதைநெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அம்மாவாக இருந்தாலும். அப்பாவாக இருந்தால் கட்டாயம். வாசித்தே தீருவேன் என்றால் வாசியுங்கள், ஆனால் ஒருவருக்கும் காட்ட வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.
மது

ஜூன் 9, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. நாள் முழுக்கப் புழுதி. கொடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டை மண்நிறம். திரும்பத் தோய்த்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. முதல் யோகா வகுப்பு. கோயில் அன்னதான மண்டபத்தில். பெண்பிள்ளைகள் மட்டும், இருபது பேர். அதில் நான் ஒருத்தி. நம்ப முடியவில்லை.

யோகா ரீச்சர் சொன்னவை:
வெறும் வயிறு. ஏலாவிட்டால் ஒரு வாழைப்பழம், அதுவும் வெள்ளென.
குனிந்தால் தலைக்கு வராத சட்டை.
ஒற்றைப் பின்னல். சங்கிலி, காப்பு வேண்டாம்.
நகம் வெட்ட வேண்டும்.
துவாய் ஒன்று.
விரிப்பு. (பன்பாய் மண்டபத்து மாபிள் தரையில் வழுக்கும். வேறு என்ன இருக்கிறது எங்கள் வீட்டில்?)
முதல் நாள் வராதவர்களைப் பிறகு சேர்க்கமாட்டார். அடியிலிருந்து படிப்படியாகப் போவதாம்.

கோயில் சபை சொன்னவை:
மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது.
மாதச் சுகயீன நாட்களில் வரக்கூடாது.
துடக்கு வீட்டுக்காரர் வரக்கூடாது (பிறப்பு, இறப்புத் தீட்டு).

முதலாவது சுகம். இரண்டாவது, கணக்குப் பார்த்துவிட்டேன், தப்பும். மூன்றாவது, எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை.

இது கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற யோகா இல்லை. போன மாதம் ரீச்சர் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினார். கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர். மெல்லிய ஆள். கையை உயர்த்தி, குனிந்து, பின்னால் பாய்ந்து, நெஞ்சை நிலத்துக்குக் கொண்டுபோய், திரும்ப எழும்பி. ஒரு மூச்சுக்கு ஒரு அசைவு, நிற்கவே இல்லை. வேர்வை நிலத்தில் சொட்டியது. பையன்கள் சிரித்துப் பார்த்தார்கள், பிறகு சிரிப்பை விட்டுவிட்டார்கள்.

எனக்கு இது ஏன் வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். வகுப்பில் எழுப்பிக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும். விடை தெரிந்தாலும். மூச்சு மேலேயே நின்றுவிடும், கை குளிரும். போன தவணை தமிழ்ப் பாடத்தில் வாசிக்க எழும்பி அப்படியே விழுந்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு வருத்தமும் இல்லை, பயம்தான் என்றார்கள். பயத்துக்குக் குளிசை தரவில்லை. செய்து காட்டிய அன்று ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, முதுகில் கை வைத்து, முழுக்க வெளியே விடு, உள்ளே எடுப்பது தானாக நடக்கும் என்றார். விட்டேன். அன்று பின்னேரம் முழுக்க நான் யாருக்கும் பயப்படவில்லை.

என் சிநேகிதி கௌசி, பெயர் கொடுக்கிற நாளில் காய்ச்சல் என்று வரவில்லை. இருபத்தோராவது ஆள். யாராவது விலகினால்தான் அவளுக்கு இடம். இரண்டு பேரும் சேர்ந்துதான் போவது என்று கதைத்து வைத்திருந்தோம். அழுதாள்.

அப்பா சம்மதித்தது ஒரே காரணத்துக்கு. "கோயில் மண்டபம் எண்டபடியால் விடுறன். வேறை இடமெண்டா கால் வைக்க விடமாட்டன்."

ஜூன் 10, செவ்வாய்

விடியப்புறம் மூட்டைகளுக்கு நடுவில் பயிற்சி. கதவுக்குக் கொளுவி போட்டுவிட்டு. இந்த அறையில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் மிச்சம், கை நீட்டினால் சாக்கில் இடிக்கும். பலகை மாதிரி நிற்கிற நிலையில் பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கி விழுந்தேன். மூக்கில் நெல்தூசி. தும்மல்.

அம்மா கதவு நீக்கலால் பார்த்திருக்கிறார். தேத்தண்ணி தரும்போது கேட்டார்: "அதென்ன பிள்ளை, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிண்டனி?" கீழ் பார்த்த நாய் நிலை என்றேன். அம்மா முற்றத்தில் கிடந்த எங்கள் நாயைப் பார்த்தார். "இது ஒரு நாளும் அப்பிடிக் கஷ்டப்பட்டு நிக்கேல்லை."

இனி எழுதப்போவதுதான் விஷயம்.

ரியூசன் முடிந்து வரும்போது கௌசி சைக்கிளை வேலியோரம் நிறுத்தினாள். போனை நீட்டினாள். மரண அறிவித்தல்.

"இஞ்ச பார். இந்த மூக்கு ஆற்றை மூக்கு?"

அப்பாவின் மூக்கு. அப்பா வயதாகி, கோட்டுப் போட்டு, கண்ணாடி போட்டது மாதிரி. கீழே வட்டக்கச்சியை முன்னாள் வதிவிடமாகவும் கனடாவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட என்று இருந்தது. பெயரைப் பார்த்தேன். கனடாப் பெரியப்பா. அப்பாவின் பெரியப்பா மகன். நான் பிறக்க முதலே வட்டக்கச்சிக் காணியில் கொளுவுப்பட்டு, கதைபேச்சு இல்லாமல் போனவர். அதனால்தான் பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள் என்று அவ்வளவு பெயர் போட்ட இடத்தில் அப்பாவின் பெயர் இல்லை. செத்துப் பத்து நாளுக்கு மேல்.

கோபம் இருந்தாலும் தகப்பன் வழியில் ஒரே பகுதி. அவர் செத்தால் எங்களுக்கு ஒரு மாதத் துடக்கு. ஊரில் அந்தப் பகுதி ஆட்கள் நாங்கள் மட்டும்தான், அதனால் வேறு யாருக்கும் தெரியவில்லை.

துடக்கு என்றால் கோயில் வாசல் மிதிக்க முடியாது. மண்டபத்துக்குப் போகிற வழி கோயில் வாசலுக்குள்ளால்தான்.

கௌசிக்கும் உடனே விளங்கியது. "காதிலை விழாட்டித் துடக்கில்லையாம், எங்கட அம்மா சொல்லுறவா," என்றாள். "உனக்குக் காதிலை விழேல்லை. கண்ணிலைதானே விழுந்தது." இரண்டு பேரும் சிரித்தோம். செத்தவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

சனிக்கிழமை வகுப்பு முடியும் வரை ஒருவருக்கும் சொல்வதில்லை. அன்று மத்தியானமே அப்பாவிடம் நான் சொல்லிவிடுவேன். கௌசி தன் தாயின் தலையில் சத்தியம் பண்ணினாள். நான் கேட்கவில்லை, அவளாகப் பண்ணினாள்.

ஜூன் 11, புதன்

காற்று. மின்சாரம் இரண்டு தரம் போனது.

நித்திரை இல்லை. நேற்று எனக்கு மறந்துபோன ஒன்று இரவு நினைவு வந்தது. அப்பாவின் திருவிழா.

வருகிற திங்கள் கோயில் அலங்காரத் திருவிழா தொடக்கம். மூன்றாம் நாள் எங்கள் உபயம். அந்த ஒரு நாளை வாங்க அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். குடியேற்றத்துக்குப் பிந்தி வந்தவர்களுக்கு நாள் இல்லை என்று சபையில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் முதலாகக் கிடைத்த வருஷம் அப்பா பட்டுவேட்டியோடு வீட்டுக்கு வந்து, கழற்றாமல், கதிரையில் அப்படியே இருந்தார். ஏன் மாற்றவில்லை என்று அம்மா கேட்டதற்கு, கொஞ்சம் இருக்கட்டும் என்றார்.

அப்போ நான் சனிக்கிழமை சொன்னால் அப்பாவின் நாள் போகும். சொல்லாவிட்டால் துடக்கோடு அப்பா சாமிக்கு முன் நிற்பார். என்ன வந்தாலும் என் பிழை.

இன்று பின்னேரம் உபயத்துக்கு அரிசி கொண்டுபோனார். எங்கள் வயல் நெல், அம்மா கல் பார்த்துப் புடைத்தது. நானும் சைக்கிளில் பின்னால் போனேன். கோயில் வாசலில் அப்பா நின்றுவிட்டார். மடப்பள்ளிப் பெடியனைக் கூப்பிட்டு மூட்டையை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். தான் வேப்பமரத்தடியில் நின்று வியர்வை துடைத்தார். வழமையாகத் தானே தோளில் வைத்துக் கொண்டுபோய் இறக்கிக் கும்பிடுகிறவர். நாரி, இடுப்பு நோகுதோ என்று கேட்டேன். "ஓம், கொஞ்சம்."

 இப்போதே சொல்லிவிடு, மூட்டையைத் திருப்பி எடுக்கலாம் என்று மனதுக்குள் ஒன்று சொன்னது. சொல்லவில்லை. தொண்டை.

வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு அந்த அரிசியில்தான் போடுவார்களாம்.

ஜூன் 12, வியாழன்

தொடை இரண்டும் நோவு. கதிரையில் இருக்கும்போது அம்மா என்று சொல்ல வருகிறது. கௌசி சொல்கிறாள் அது நல்ல நோவாம், போனில் பார்த்தாளாம். பதினைந்து வரை பலகையாக நின்றேன்.

அம்மாவோடு கிளிநொச்சிக்கு, பஸ்ஸில். கறுப்பு ட்ராக் பொட்டம் ஒன்று, கை நீட்டு ரீசேட் ஒன்று. கடைக்காரப் பெண் உடம்போடு ஒட்டுகிற ஒன்றைக் காட்டினார். அம்மா அதைத் தொடவும் இல்லை. "உதைப் போட்டால் பிள்ளைக்கு மூச்சு விடவும் இடமில்லை." அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். விரிப்புக்கு அம்மாவின் யோசனை: அறுவடைக்கு விரிக்கிற படங்குத் துண்டை வெட்டி, மேலே பழைய போர்வை. வழுக்கவில்லை. அம்மா என்னைவிடச் சந்தோஷமாக இருந்த மாதிரி இருந்தது.

பஸ்ஸில் திடீரென்று கேட்டார், வெளியில் யாரும் எங்களைப் பற்றி ஏதும் கதைத்தார்களா என்று. என்னத்தைப் பற்றி என்று கேட்டேன். "சும்மாதான்." யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மறைப்பது முகத்தில் தெரிகிறதோ?

அதற்கு முன், காலையில் பள்ளிக்கூடத்தில் கௌசியிடம் அரிசி விஷயம் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இன்றே சொல்லப்போகிறேன் என்றேன். "விசரே உனக்கு? இன்னும் ரெண்டு நாள்." பிறகு கேட்டாள்: "இப்ப நீ சொன்னா உன்ர இடம் ஆருக்குப் போகும்?"

உனக்குத்தான் என்றேன். "ஓம் என்ன," என்றாள்.

நகம் வெட்டிவிட்டேன். கால் நகமும்.

ஜூன் 13, வெள்ளி

 

பின்னேரம் கோயில் செயலாளர் வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே அப்பாவைக் கூப்பிட்டார். நான் விறாந்தையில் பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஒற்றைப் பின்னல் எப்படி வரும் என்று பார்க்க.

"தம்பி, ஒரு விசயம் கேள்விப்பட்டன். கனடாவிலை உம்மட அண்ணன் முறையானவர் மோசம் போயிட்டாராமே?"

அப்பா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆர் அண்ணை? எங்களுக்கு ஒரு தகவலும் வரேல்லையே."

"உம்மட மகளுக்குத் தெரியுமாம். சிநேகிதப்பிள்ளையின்ர தாய் வந்து ஐயரிட்டைச் சொன்னவா. யோகா வகுப்புக்குப் போகவேணுமெண்டு மறைச்சதாம். இண்டைக்குப் பொங்கலுக்கும் உம்மட அரிசிதான் போட்டது."

கௌசியின் அம்மா. கௌசி.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "மெய்யே பிள்ளை?"

நான் தலையை ஆட்டினேன். 

"பாத்தீங்களே அண்ணை. வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு பெத்த எங்களுக்கே சொல்லேல்லை." அப்பாவின் குரல் உடைந்தது. செயலாளர் பாவம் என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, ஞாயிறு பின்னேரம் சபைக்காரர் வந்து விசாரிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பேரும் கிணற்றில் தலைக்குக் குளித்தோம். நானும் இப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி. அம்மா சாமிப்படங்களுக்குத் துணி போட்டார்.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். ஏசுவார் என்றாவது. இரண்டும் இல்லை. சாப்பிட்டார், வாய்க்கால் தண்ணி திறக்கிற முறை இன்று என்று மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். எனக்கு அதுதான் விளங்கவில்லை.

கௌசியின் தாய் போனைத் தற்செயலாகப் பார்த்திருப்பார். அவளே சொல்லியிருக்கமாட்டாள். தாயின் தலையில் சத்தியம்.

ட்ராக் பொட்டத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். விலைத்துண்டு இன்னும் கழற்றவில்லை.

ஜூன் 14, சனி

நான் போயிருக்க வேண்டிய நாள்.

வழமையாக எழும்புகிற நேரத்துக்கு முன்னமே முழிப்பு. முற்றம் கூட்டுகிற சாட்டில் வேலிக்கருகில் நின்றேன். பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சைக்கிளில் போனார்கள். பிறகு கௌசி. ஒற்றைப் பின்னல். கரியரில் சுருட்டின நீல விரிப்பு, மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாக முந்தியே காட்டியது. அவள் எங்கள் வேலியைப் பார்த்தாள். நான் தும்புத்தடியோடு நிற்பதைக் கண்டாள். பெடலை இன்னும் பலமாக மிதித்தாள்.

தற்செயலாக என்று நேற்று எழுதினேன். இன்று அப்படி எழுத முடியவில்லை.

குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். நான் நேரத்துக்குச் சொல்லியிருந்தால் அப்பா அந்த அரிசியைக் கொண்டுபோயிருக்கமாட்டார், அப்பாவின் நாளும் போயிராது, நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன் என்று.

அம்மா துருவுவதை நிறுத்தினார். வெளியே பார்த்தார். அப்பா வயலில்.

"உன்னாலை ஒண்டும் இல்லை. அவருக்கு முதலே தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா தேங்காய்ப்பாதியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். செத்தவரின் தங்கச்சி, யாழ்ப்பாணத்து மாமி, போன கிழமைக்கு முந்தின ஞாயிறு அப்பாவுக்குக் கோல் எடுத்தாராம். எடுத்ததும் அழுகை. அப்பா ஹலோ ஹலோ, ஒன்றும் விளங்கவில்லை, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாராம். லைன் நல்லாக இருந்ததாம். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே அண்ணன் போயிட்டார் என்பது கேட்டதாம். பிறகு அப்பா அம்மாவிடம், "எங்கட காதிலை ஒண்டும் விழேல்லை. சரியே?" என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன்."

அதற்குப் பிறகு மாமி எடுத்த கோல் ஒன்றையும் அப்பா எடுக்கவில்லையாம்.

அப்போ வேப்பமரத்தடியில் நின்றது நாரி நோவில் இல்லை. துடக்குக்காரன் என்று தெரிந்து, சாமிக்குப் பயந்து, வாசலில் நின்றிருக்கிறார். அரிசியை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறார். நேற்று என்னைத் திரும்பிப் பார்த்து மெய்யே பிள்ளை என்று கேட்டாரே. அந்த முகம். அந்த உடைந்த குரல்.

கௌசி செய்ததை நான் தாங்குவேன். அவளுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

ஒன்பது மணிபோல ரீச்சரின் ஸ்கூட்டி படலையில் நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றவும் இல்லை. விஷயம் கேள்விப்பட்டாராம். "துடக்கு முடியத்தான் மண்டபத்துக்கு வரலாம். ஆனா உம்மட இடம் இருக்கு. ஒவ்வொரு சனியும் போகேக்கை இதிலை நிண்டு என்ன படிப்பிச்சனான் எண்டு சொல்லிப்போட்டுப் போறன். வீட்டிலை செய்யும்." முதல் நாள் வராதவர்களைச் சேர்ப்பதில்லை என்று சொன்னவர். என்னால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. ரீச்சர் சிரித்து, மூச்சு மேலே நிற்கிறது, கீழே இறக்கும் என்றார். "பாரமான வேலை எல்லாம் மூச்சு வெளியிலை போகேக்கைதான் செய்யிறது."

போகும்போது சொன்னார், என் சிநேகிதி நல்லாகச் செய்தாளாம், ஆனால் இடைக்கிடை அழுதாளாம். ஏன் என்று தெரியவில்லையாம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று காற்று இல்லை. இலை அசையவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எழுதுகிறேன், இரவு எழுதுகிற மாதிரி இருக்குமோ தெரியாது.

மத்தியானம் அப்பா இந்த அறைக்குள் வந்தார். சாக்கில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் இந்தக் கொப்பி. நான் அதைப் பார்க்காமல் அப்பாவின் காலைப் பார்த்தேன். சேறு காய்ந்திருந்தது.

சபைக்காரர் பின்னேரம் வருவார்கள், என்னைக் கேட்பார்கள் என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தார், பாடம் சொல்லித் தருகிற மாதிரி மெதுவாக.

"பெரியப்பா செத்தது எனக்குத் தெரியும். வகுப்புக்குப் போகவேணும் எண்டு மறைச்சனான். அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. இவ்வளவும் காணும்."

நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியாது. "அப்பாவுக்குத் தெரியாதோ?"

அப்பா சாக்கின் தையலைப் பார்த்தார். நூலை நகத்தால் நெருடினார். "எனக்கு ஒருத்தரும் சொல்லி முடிக்கேல்லை," என்றார்.

பிறகு சொன்னார்: "நீ சின்னப் பிள்ளை. உன்னை ஒண்டும் செய்யமாட்டினம். பிள்ளை தெரியாமல் செய்தது எண்டு ஐயர் ஒரு சாந்தி செய்வார், இந்த வரியம் மட்டும் உபயம் இல்லை, அடுத்த வரியம் திரும்ப எங்கட நாள் எங்களுக்கு. நான் தெரிஞ்சுகொண்டு அரிசி குடுத்தனான் எண்டால், அந்த நாள் போனது போனதுதான். செயலாளற்றை மச்சான் அதுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

யோகா வகுப்பு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அது நிக்கும். சபையிலை பாதிப்பேருக்கு முதலே விருப்பமில்லை. உதாலைதான் வந்தது எண்டு மண்டபத்தைப் பூட்டிவிடுவினம்." காலநிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். எழும்பிப் போகும்போது என் தலையில் கை வைத்தார். நான் கொஞ்சம் விலகினேன். அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லை.

பெரியப்பா செத்தது எனக்குத் தெரியும். உண்மை.
வகுப்புக்காக மறைத்தேன். உண்மை.
அப்பாவுக்குத் தெரியாது. பொய்.

முதல் இரண்டையும் நான் சொல்லவேண்டும், அது என் பிழை. மூன்றாவதைச் சொன்னால் பாரம் முழுக்க வகுப்பின் தலையில். ரீச்சர் பூட்டின மண்டபத்துக்கு முன் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு நிற்பார். இருபது பிள்ளைகளும் என்னை என்ன சொல்வார்கள்? கௌசி எனக்குச் செய்ததை நான் எல்லோருக்கும் செய்ததாக முடியும்.

உண்மையைச் சொன்னால் அப்பாவின் நாள் போகும். பட்டுவேட்டியோடு இருந்த அந்த அப்பா. அம்மாதான் எனக்குச் சொன்னார் என்பது அப்பாவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். அம்மா பாவம். ஓம் எண்டன் என்று சொன்ன அம்மா.

அம்மாவிடம் கேட்டேன், என்ன சொல்லட்டும் என்று. அம்மா தேத்தண்ணிக்குக் கோப்பைகள் எடுத்துக்கொண்டிருந்தார். துடக்கு வீட்டில் குடிக்கமாட்டார்கள் என்று நினைவு வந்து திரும்ப வைத்தார். "உனக்கு வாயிலை வாறதைச் சொல்லு," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வாயில் ஒன்றுமே வராது என்பது அம்மாவுக்குத் தெரியும். தலையாட்டினால் போதும், அப்பாவே மிச்சத்தைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை மாதிரி. எல்லோரும் என் தொண்டையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அதனால் பயிற்சி செய்தேன். படங்குத் துண்டை விரித்து நின்றேன். கையை உயர்த்தி உள்ளே எடுத்தேன். குனியும்போது முழுக்க விட்டேன். விடுகிற மூச்சோடு, சத்தமில்லாமல்: அப்பாவுக்கு முதலே தெரியும். முதல் தரம் வரவில்லை. மூன்றாம் தரம் உதடு அசைந்தது. பிறகு குரலோடு வந்தது, மெல்லியதாக, சாக்குகளுக்கு மட்டும் கேட்கிற அளவு. மூன்று சொல். ஒரு மூச்சுக்குள் அடங்குகிறது. சொல்லி முடித்தும் மூச்சு மிச்சம் இருந்தது.

மோட்டார் சைக்கிள் சத்தம். இரண்டு. இல்லை, இன்னும் ஒன்று. படலைக்கு வெளியே கதைக்கிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள். ஐயரின் குரலும் கேட்கிறது. அப்பா கதிரைகளை வெளியே கொண்டுபோகிறார், வேலிக்கு அந்தப் பக்கம் வைக்க.

சொல்லப்போகிறேன். அப்பா எனக்குச் செய்ததற்குப் பழிவாங்க இல்லை. கொஞ்சம் அதற்கும்தான், பொய் எழுதவில்லை. ஆனால் அதற்கு மட்டும் இல்லை.

கதவில் தட்டுகிற சத்தம்.

அப்பா. அம்மா இல்லை. திரும்பவும் தட்டுகிறார், மெதுவாக, நித்திரைப் பிள்ளையை எழுப்புகிற மாதிரி.

"மதுக்குஞ்சு. எல்லாரும் வந்திட்டினம். முகத்தைக் கழுவிப்போட்டு வா ராசாத்தி."

குஞ்சு என்று கூப்பிட்டு எத்தனை வருஷம். நான் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில்கூட அப்படிக் கூப்பிடவில்லை. இன்றைக்கு ஏன்

சொல்ல வேண்டும். மூச்சை வெளியே